இன்சுலின் போட்ட இடத்தில் அரிப்பு: அலர்ஜியா?

ஊசி போட்ட இடம் சிவந்து அரிக்கிறது, இன்சுலினை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரக்காத வகை) என்றால் அது உயிருக்கே ஆபத்து.

மாடு, பன்றியிலிருந்து இன்சுலின் எடுத்த காலத்தில் அலர்ஜி சகஜம். 1982-இல் மனித இன்சுலின் (நம் உடம்பில் சுரப்பதைப் போலவே ஆய்வகத்தில் தயாரிப்பது) வந்தபின் அபூர்வமாகிவிட்டது. இப்போது பல நேரம் வம்பு பண்ணுவது இன்சுலினே அல்ல, அதில் கெடாமலிருக்கச் சேர்க்கும் மெட்டாக்ரெசால், அல்லது பால்போல் கலங்கலாக இருக்கும் என்பிஎச் வகை இன்சுலினிலுள்ள புரோட்டமின் என்ற புரதம் (மீன் விந்திலிருந்து எடுப்பது!). ஸ்பிரிட் காயுமுன் குத்தினாலும் எரியும், அதையும் கவனியுங்கள்.

லேசான தடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டர் தோல் பரிசோதனை செய்து வேறு இன்சுலினுக்கு மாற்றிப் பார்ப்பார். உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.