செக்காலை ரோட்டுப் பணியாரக் கடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடி செக்காலை ரோட்டில் நாங்கள் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வந்த டிபன் கடையை மூடிவிட்டார்கள். என் ஐயா காலத்துக் கடை. கடைசி நாள் வரை கூட்டம் இருந்தது. பெரியவருக்கு முழங்கால் முடியவில்லை, மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அந்த மகன்மேல்தான் எனக்குக் கோபம். இத்தனை வருடம் சம்பாதித்த பெயரை இப்படியா விடுவது? நாங்கள் சிலர் பணம் போட்டு, ஆள் வைத்து, அதே பெயரில் நடத்தலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் அங்கே சாப்பிட்டவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

செய்தி எனக்கும் வந்தது. மனசு ஆறவில்லை. ஆனால் அந்த மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறவைத்து, நைசாக அரைக்க வேண்டும். மாவு புளிக்கக் கூடாது. அதனால் முதல் நாளே ஆட்டி வைக்க வழியில்லை, இருட்டோடு எழுந்தாக வேண்டும். எண்ணெயில் ஒரு தடவைக்கு ஒரு கரண்டி மாவுதான். அது உப்பி மேலே வரும்வரை பார்த்து நின்று, திருப்பிப் போட்டு, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். நிறம் மாறினால் இலையில் வைக்க முடியாது. பரோட்டாக் கல்லில் ஒரே நேரத்தில் ஏழெட்டு வேகும். இங்கே ஒவ்வொன்றாகத்தான். இதோடு இடியாப்பம் பிழிய வேண்டும், கோஸமல்லிக்குக் கத்தரிக்காய் வேகவைத்துப் பிசைய வேண்டும், வரமிளகாய்த் துவையல் அரைக்க வேண்டும். கவுனி அரிசி என்கிற கறுப்பரிசி என்றால் முந்தின இரவே ஊறப்போட வேண்டும்.

வெளியூர்களில் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலும் கோழி மிளகு வறுவல் இருக்கும், இந்தக் காலைப் பலகாரங்கள் இருக்காது. காரணம் இந்த வேலைதான்.

அவ்வளவு வேலைக்கும் அந்த விலை எப்படிக் கட்டுபடியானது? அடுப்படியில் நின்றவர் முதலாளியே. மாவு ஆட்டியது அவர் வீட்டம்மா. இரண்டு பேருக்கும் சம்பளக் கணக்கு கிடையாது. நாம் ரசித்துச் சாப்பிட்ட மலிவு அவர்கள் வாங்காத கூலியிலிருந்து வந்தது. இரண்டு ரூபாய் கூட்டினால்கூட கல்லாவில் நின்று சண்டை போட்டவர்கள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும் முன் சின்ன வெங்காயம் உரித்த பையன் அது. அப்பாவின் முழங்காலையும் அவன்தான் பார்த்து வளர்ந்தான். மாதம் பிறந்தால் சம்பளம், வாரம் ஒருநாள் விடுப்பு என்ற வேலையை அவன் தேடிப் போனது நியாயம். என் மகனாக இருந்தால் போ என்றுதான் சொல்வேன்.

சரி, நீங்கள் கடை நடத்தும் விஷயம். அதே பெயரில் வேண்டாம். பெயர் அந்தக் குடும்பத்துடையது. வேறு கை செய்ததை அந்தப் பெயரில் விற்றால் பெரியவருக்குத்தான் வலிக்கும். உங்கள் சொந்தப் பெயரில் ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் மாஸ்டருக்கு ஒரு சம்பளம், ஆட்டுகிறவருக்கு ஒரு சம்பளம், 19 கிலோ சிலிண்டர், எண்ணெய், வாடகை எல்லாம் போட்டு ஒரு பணியாரத்துக்கு என்ன விலை வருகிறது என்று எழுதிப் பாருங்கள். அந்த விலையைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருந்தால் நானும் என்னால் ஆனதைப் போடுகிறேன், வாங்கியும் சாப்பிடுகிறேன்.

பெரியவரிடம் போய்க் கேளுங்கள், கற்றுக்கொடுக்க அவருக்கு விருப்பமா என்று. விருப்பமென்றால் அதற்கும் கூலி பேசுங்கள். சும்மா வாங்கி வந்துவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டும், காய் நறுக்கிக்கொண்டும் இரண்டு பெண்கள் இருந்தார்களே, அவர்களைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை. வேறு இடம் கிடைத்துவிட்டதா? கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், நான் பேசுகிறேன்.

அன்புடன்