உரவாளியில் புழு, ஆர்.ஓ. கழிவுநீர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பால்கனியில் பெயிண்ட் வாளியில் உரம் போடுகிறேன். தென்னை நார்த்தூள் சேர்த்தும் நாற்றம் போகவில்லை. வெள்ளைப் புழு வேறு. பக்கத்து ஃபிளாட்டில் முகம் சுளிக்கிறார்கள். பேசாமல் குப்பை வண்டியிலேயே கொடுத்துவிடலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: நார்த்தூள் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்து, அப்படியே போட்டிருப்பீர்கள். செடி நட அது சரி. உரத்துக்கு ஆகாது; ஏற்கெனவே தண்ணீர் குடித்த தூளால் காய்கறி விடும் நீரை உறிஞ்ச முடியாது. காற்று அடைபட்டு, அழுகிய முட்டை வாடை கிளம்பும். உதிர்த்த தூளை மொறுமொறுவென வெயிலில் காயவையுங்கள். ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் காய்ந்த தூள், மழைக்காலத்தில் ஒன்றரை.

20 லிட்டர் வாளியின் பக்கங்களிலும் அடியிலும் 6 முதல் 8 மி.மீ. துளைகள் வேண்டும். உட்புறம் கொசுவலை, அடியில் 2 அங்குலம் சருகு, வாளிக்குக் கீழே ஒரு தட்டு. சாம்பார்க் காயைப் போடுவதானால் சாற்றை வடித்துவிடுங்கள். மீன்முள், எண்ணெய்ப் பண்டம், மிஞ்சிய தயிர்சாதம் வேண்டவே வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வரலாம்.

புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள், நுண்ணுயிரும் சேர்ந்து செத்துவிடும். அந்தப் புழுக்களும் கழிவைத் தின்று மக்கத்தான் வைக்கின்றன; ஈரம் குறைந்தால் அவையும் குறையும். வாளி நிறைந்ததும் ஒதுக்கிவைத்து, இன்னொன்றைத் தொடங்குங்கள். 45 முதல் 60 நாளில் மண்வாசம் வரும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் இன்னும் தாமதமாகும். மக்காத மாங்கொட்டை, முருங்கைச் சக்கையை அடுத்த வாளியில் சேர்க்கலாம்.

வண்டியில் கொடுப்பதிலும் தப்பில்லை. ஈரக் கழிவைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பச்சைத் தொட்டியில் கொடுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷின் விடும் கழிவுநீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றலாமா? எங்களுக்கு போர்வெல் தண்ணீர்.
- வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: வேண்டாம். 1 லிட்டர் குடிநீருக்கு 3 லிட்டர் கழிகிறது என்றால், 800 டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) உள்ள தண்ணீர் கழிவாகும்போது ஏறக்குறைய 1,050 ஆகிவிடும். தொட்டி மண்ணில் உப்பு தங்கி, இலை நுனி கருகும். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, கால்மிதி ஊறவைக்கப் பயன்படுத்துங்கள். கார் கழுவினால் வெள்ளைத் திட்டு விழும். கழிவுக்குழாயை வாளியில் விடும்போது மடங்காமல் பாருங்கள். அடைபட்டால் மெஷினுக்குள் நீரை வடிகட்டும் மெம்பரேன் (சவ்வு) சீக்கிரம் கெடும்.