ஆயிரக்கணக்கான கணினிகள், அடிக்கடி அறுபடும் இணைப்புகள். இதில் எல்லாக் கணினிகளும் ஒரே முடிவுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

எல்லாமும் என்றால் பெரும்பாலும் முடியாது. ஒருசிலவற்றைக் கைவிடத் தயார் என்றால் முடியும்.

ஆளுக்கொரு தகவலாகப் பொய் சொல்லும் கணினியை நினைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் படுத்தியது மௌனம். ஐந்து கணினிகளை ராஃப்ட் முறையில் ஓட்டிக்கொண்டிருந்தேன்; கணினிகள் வாக்களித்து ஒரு தலைமையைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியே ஒத்துப்போகும் முறை அது. தலைமைக் கணினியிடமிருந்து 150 மில்லிவினாடிக்குள் தகவல் வராவிட்டால் புதுத் தேர்தல் என்பது என் ஏற்பாடு. ஒருநாள் வட்டில் எழுதுவது மந்தமாகி, தலைமை பேச்சற்றுப் போனது. செத்துவிட்டது என்று மற்றவை தேர்தல் வைத்தன. புதிதாக வந்த தலைமைக்கும் அதே கதி, மறுபடி தேர்தல். எதுவும் பழுதாகவில்லை, ஆனால் இரவு முழுக்க வேலை ஓடவில்லை! காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிய பிறகே அடங்கியது.

செத்ததா, தாமதமா என்று தூரத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற கணினி அறிவியலாளர்கள் மூவரும் நிரூபித்ததன் வேர் இதுதான்: தாமதத்துக்கு வரம்பே இல்லாத பிணையத்தில், ஒரே ஒரு கணினி நின்றுபோகலாம் என்றாலும், கட்டாயம் முடிவை எட்டும் என்று உறுதி தரும் நிர்ணயமான (தற்செயலுக்கு இடமே தராத) வழிமுறை கிடையாது. காசு சுண்டிப் பார்ப்பதுபோல் தற்செயலைப் பயன்படுத்தும் வழிமுறைகள் இதிலிருந்து நழுவுகின்றன. ராஃப்ட் போன்றவை வேறு சமரசம் செய்கின்றன: முடிவு தாமதமாகலாம், இரண்டு முரண்பட்ட முடிவுகள் மட்டும் வராது.

பொய்யர்களுக்கு வருவோம். செய்தியை அனுப்பியவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாவிட்டால், ஒரு பொய்யரைத் தாங்க நான்கு கணினிகள் வேண்டும், மூன்று போதாது. இது பழைய கணக்கு. ஆனால் அது எல்லோரும் எல்லோரோடும் நேரடியாகப் பேசும் உலகம். 1000 கணினிகள் அப்படிப் பேசினால் ஒரு சுற்றுக்கே கிட்டத்தட்ட 10 லட்சம் செய்திகள்.

ஆகவே பெரிய பிணையத்தில் ஒவ்வொன்றுக்கும் சில அண்டைக் கணினிகளே இருக்கும். அந்த நான்கைந்தும் கெட்டவையாக அமைந்தால், நடுவில் சிக்கிய நல்ல கணினிக்கு அவை சொல்வதே உலகம். எந்த வழிமுறையும் அதைக் காப்பாற்றாது. அதனால்தான் 1986-இல் டுவொர்க், பெலெக், பிப்பெஞ்சர், அப்ஃபால் நால்வரும் ‘ஏறக்குறைய எல்லாமும் ஒத்துக்கொண்டால் போதும்’ என்று இலக்கைத் தளர்த்தினார்கள். தோல்வியை ஒப்புக்கொள்வதுபோலத் தெரியும். எனக்கு இந்தத் துறையிலேயே மிக நேர்மையான யோசனை அதுதான்.

உங்கள் பிணையத்தில் ஒரு கணினிக்கு எத்தனை நேரடி இணைப்புகள்? கையொப்பம் உண்டா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அது தெரியாமல் வழிமுறை எதையும் பரிந்துரைக்க மாட்டேன்.