இன்ஹேலர் இருந்தும் மூச்சுத்திணறல் ஏன்?

கேள்வி: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள என் தந்தைக்கு இன்ஹேலர் இருந்தும் மூச்சுத்திணறல் குறையவில்லை. வீட்டில் நாங்கள் அவருக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம்?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மருந்தைக் கூட்டும்படி கேட்பதற்கு முன், அவர் அதை எப்படி இழுக்கிறார் என்று பாருங்கள். அழுத்தி இழுக்கும் வகையாயின், நன்கு குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியேற்றிவிட்டு, அழுத்தும் அதே நேரத்தில் மெதுவாகவும் ஆழமாகவும் உள்ளிழுத்து, ஏறத்தாழ 10 விநாடிகள் அடக்கிக்கொள்ள வேண்டும். பொடி வகையையோ வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். முறை பிசகினால் மருந்தின் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது, தாதியின் முன்னிலையில் அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். புரிந்ததாகத் தலையாட்டுவதைக் கற்றுக்கொண்டதாக நான் ஒருபோதும் ஏற்பதில்லை. ஸ்டீராய்டு கலந்த மருந்தாயின், பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

திணறும்போது மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இருமடங்கு நேரம் எடுத்து வெளிவிடப் பழக்குங்கள். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்தத் துணைநில்லுங்கள். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டும் புகைமூட்ட நாள்களில் அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

சளி கூடி நிறம் மாறினாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் திணறினாலோ என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு, தமிழில் எழுதி, அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். உதடு நீலம் பூத்தாலோ, பேசவே முடியாமற்போனாலோ உடனே அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழையுங்கள்.