ரூபினும் மற்றவர்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறன்று எங்கள் வாசகர் வட்டத்தில் அறுபதுகளின் அமெரிக்கப் போராட்டங்களைப் பற்றிப் பேசினோம். வியட்நாம் போரை எதிர்த்து வீதிக்கு வந்த ஜெர்ரி ரூபின் பின்னாளில் வால் ஸ்ட்ரீட்டில் வேலைக்குச் சேர்ந்ததைச் சொல்லி, “இள ரத்தம் அடங்கி, வீட்டுக்கடன் தவணை தொடங்கிவிட்டால் எல்லாப் புரட்சியும் இப்படித்தான் முடியும்” என்றார் மூத்த நண்பர் ஒருவர். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்த நம் மாணவர் தலைவர்கள் பதவிக்குப் போனதையும் அதே கணக்கில் சேர்த்தார். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் எதிர்வாதமும் கைவசம் இல்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., சயான், மும்பை

அன்புள்ள க.,

ரூபினைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். 1967 ஆகஸ்டில் நியூயார்க் பங்குச் சந்தையின் பார்வையாளர் மாடத்திலிருந்து டாலர் நோட்டுகளைக் கீழே இறைத்த குழுவில் இருந்தவர், 1980இல் அதே வட்டாரத்துத் தரகு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிடச் சுவையான செய்தி அமையாது என்பதால், ஒரு தலைமுறைக்கே அவர் அடையாளமாகிவிட்டார்.

ஆனால் தலைமுறையை ஆராய்ந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1964 கோடையில் மிசிசிப்பியின் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய வட மாநிலங்களிலிருந்து மாணவர்கள் போனார்கள். விண்ணப்பித்துப் போனவர்களையும், விண்ணப்பித்துவிட்டுக் கடைசியில் போகாமல் நின்றுவிட்டவர்களையும் சமூகவியலாளர் டக் மெக்ஆடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து ஒப்பிட்டார். ஒரே வயது, ஒரே வகைக் குடும்பப் பின்னணி. போய்வந்தவர்களே பின்னாளிலும் பொதுக்காரியங்களில் கூடுதலாக ஈடுபட்டிருந்தார்கள். வருமானம்தான் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. தவணைக் கோட்பாடு இங்கே செல்லுபடியாகவில்லை.

ஒருவர் பின்னாளில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அவருடைய வயதைவிட, இயக்கத்தில் அவர் எந்த வேலையைச் செய்தார் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது என்பது என் எண்ணம். ரூபின் கேமராக்களின் முன் வேலை செய்தவர். பாப் மோசஸ் அதற்கு நேரெதிர். நியூயார்க்கில் கணித ஆசிரியராக இருந்த அவர், 1961இல் மிசிசிப்பியின் மெக்கோம்ப் ஊருக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினார். அங்கே வாக்காளராகப் பதிவுபெற வேண்டுமென்றால், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எழுதி, அதற்குப் பதிவு அதிகாரி ஒப்புக்கொள்ளும்படி விளக்கமும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர் சொன்ன விளக்கத்தை அதிகாரி ஒப்புக்கொள்வது அபூர்வம். விண்ணப்பிக்க வந்தவர்களை அழைத்துச் சென்றதற்காக மோசஸ் நடுத்தெருவில் தலை உடைய அடிவாங்கினார்.

பின்னர் தான்சானியாவில் சில ஆண்டுகள் கணிதம் கற்பித்துவிட்டுத் திரும்பிய மோசஸ், 1982இல் ஏழைக் குழந்தைகளுக்கான இயற்கணிதத் திட்டத்தைத் தொடங்கினார். அன்று எழுத்தறிவைக் காட்டி வாக்குரிமையை மறுத்ததுபோல, இன்று கணிதம் தெரியாததைக் காட்டி நல்ல வேலைகளை மறுக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். குழந்தைகளைப் பாஸ்டன் நகரத்துச் சுரங்க ரயிலில் ஏற்றி, ஒரு நிலையத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, ஒரு திசையில் மிகை எண்களையும் எதிர்த்திசையில் குறை எண்களையும் எண்ணச் செய்தார். உங்கள் சயானைப் பூஜ்ஜியமாகக் கொண்டால் மாட்டுங்கா ஒன்று, தாதர் இரண்டு, குர்லா குறை ஒன்று. 2021இல் இறக்கும்வரை அவர் விடாமல் செய்தது 1961இல் தொடங்கிய அதே வேலைதான்.

டாலர் நோட்டுகளை வீசிய குழுவுக்குத் தலைமை தாங்கிய அபி ஹாஃப்மனும் உங்கள் நண்பருக்கு இடைஞ்சலானவரே. போதைப்பொருள் வழக்கிலிருந்து தப்பித் தலைமறைவான அவர், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் பேரி ஃப்ரீட் என்ற பொய்ப்பெயரில் வாழ்ந்தபடியே, அந்த ஆற்றைக் காக்க ஊராரைத் திரட்டினார்.

பதவிக்குப் போனாலே விலைபோனதாகக் கருதுவது நம்மவர்களின் பழைய வழக்கம். ஆட்சி மாறவேண்டும் என்று போராடிய மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்துச் சட்டமன்றத்துக்குள் நுழைந்ததில் முரண் எங்கே இருக்கிறது? அறுபதுகளின் அமெரிக்க மாணவர் இயக்கத் தலைவர்களில் ஒருவரான டாம் ஹேடனும் கலிஃபோர்னிய சட்டமன்றத்தின் இரு அவைகளிலுமாகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். அங்கே போய் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். போனதே குற்றம் என்றால், பிறகு போராட்டம் எதற்காக?

உங்கள் நண்பர் ரூபினைத் தேடி நியூயார்க் வரை போயிருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கறுப்பினப் போராட்ட இயக்கமான கருஞ்சிறுத்தைகளின் (பிளாக் பேந்தர்ஸ்) பெயரைத் தழுவி 1972இல் இதே மும்பையில் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் நாம்தேவ் தசால். 1974இல் வொர்லியில் சிவசேனை ஆதரவாளர்களோடு மோதிய இயக்கம் அது. பின்னாளில் தசால் அதே சிவசேனையோடு சேர்ந்து, அதன் ‘சாம்னா’ நாளிதழில் பத்தியும் எழுதினார். அவர் கேமராவுக்காக வேலை செய்தவர் அல்லர். மும்பையின் பாலியல் தொழில் பகுதியான காமாட்டிபுரத்தின் மனிதர்களோடு வாழ்ந்து, அவர்களைக் கவிதையில் எழுதியவர். உங்கள் நண்பர் அவரைச் சொல்லியிருந்தால், மேலே நான் எழுதிய விளக்கம் எனக்கே போதுமானதாக இருந்திருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்