அண்டாவை வாங்கியவர் யார்?

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டில் பித்தளை அண்டாவும் வெண்கல விளக்குகளும் திருடு போயின. பிடிபட்டவன் 16 வயதுப் பையன், என் மடியில் வளர்ந்த பிள்ளை. வழக்கில் பிடிபட்ட சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டுப் போன வாரம் வந்திருக்கிறான். வழக்கு நடக்கிறது. தெருவில் யாரும் அவனோடு பேசுவதில்லை. "ஒரு தடவை கை நீட்டினவன் மறுபடி நீட்டாமல் இருப்பானா?" என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சிக்கு,

நீட்டாமல் இருப்பான். ஆனால் அவன் மட்டும் நினைத்தால் போதாது.

அந்த அண்டாவை வாங்கியவர் யார் என்று தெருவில் யாராவது கேட்டார்களா? எடை போட்டுக் காசு கொடுக்க வயது வந்த ஆள் ஒருவர் இருந்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு உரியவர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் முகப்புக் கதவு திறக்கும். எந்த வீட்டுக்கு எப்போது ஆள் வரும் என்பது தெருப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அதற்காகவே திருட்டுப் பொருள் வாங்குகிறவர்கள் அந்தப் பிள்ளைகளை வளைத்துப் போடுகிறார்கள். சிறுவர்களைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிற பெரியவர்களுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலும் மாட்டுவது பையன்தான்.

பையன் திரும்பி வந்ததும் முதலில் தேடி வருவதும் அந்த ஆள்தான். தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டால், அவனோடு பேச மிஞ்சுவது அந்த ஒருவர்தான். எனக்குப் பயம் அதில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், வழக்கு முடிந்து 18 வயதும் நிறைந்த பிறகு ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறையில் சேர்ந்தான். முதல் மாதம் முழுக்க மணல் சலித்தான். அப்புறம்தான் கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவை ஊற்றக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் அவனுக்கு ஒரு நாளும் புத்தி சொன்னதில்லை. வரத் தாமதமானால் வீட்டுக்கே ஆள் அனுப்புவார். அவன் பங்கு டீ, தட்டு போட்டு மூடி வைத்திருக்கும். பழைய கூட்டாளி ஒரு ராத்திரி பைக்கில் வந்து கூப்பிட்டபோது, "காலைல மணல் சலிக்கணும், அண்ணன் தேடுவாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டானாம்.

உங்கள் பிள்ளைக்கு 16தான், அவன் பள்ளிக்கூடம் போகட்டும். பள்ளியில் சேர்க்கத் தயங்கினால், அவன் அம்மாவோடு நீங்களும் போங்கள். சிவகங்கையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். சிறுவர் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள். வீடு, படிப்பு, சகவாசம் பற்றியெல்லாம் நன்னடத்தை அலுவலர் அறிக்கை கொடுப்பார். அவர் விசாரிக்க வரும்போது, தூக்கி வளர்த்த நீங்கள் பேச வேண்டும். இன்னொன்று, தெரு வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரோ படமோ கிடந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். அதைப் போடுவதே குற்றம்.

நாளைக் காலையில் அவன் உங்கள் வாசலைத் தாண்டும்போது, முன்பு கூப்பிட்ட மாதிரியே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பால் வாங்கி வரச் சொல்லுங்கள். வந்ததும், எப்போதும் போலவே மீதிச் சில்லறையை எண்ணி வாங்குங்கள்.