நிற்கும் விமானத்துக்கு மாதம் 27,000 ரூபாய்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

கேள்வி: ஓசூரில் வசிக்கிறேன். வயது 54. என் கணவர் ஆட்டோ உதிரிபாகப் பட்டறை நடத்தினார். 14 மாதங்களுக்கு முன் மாரடைப்பில் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. பட்டறைக் கட்டடத்தை வாடகைக்கு விட்டதில் மாதம் 38,000 வருகிறது. அவருடைய காப்பீட்டுப் பணம் 90 லட்சம், ஒரு கூட்டுறவு வங்கியில் 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் இருக்கிறது. அவர் ஆசை ஆசையாக வாங்கிய 1975-ஆம் வருடத்து செஸ்னா 172 விமானம் ஒன்று ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நிற்கிறது. கடைசியாகப் பறந்து 22 மாதம் ஆகிறது. ஹேங்கர் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 27,000 கட்டுகிறேன். மறுபடி பறக்க வைக்க 32 லட்சம் ஆகும், அதில் என்ஜினுக்கு மட்டும் 24 லட்சம் என்கிறார் என்ஜினியர். பறக்கும் நிலைக்கு வந்தால் 45 லட்சத்துக்குப் போகுமாம். பெங்களூருக்காரர் ஒருவர் இப்போது இருக்கும் நிலையிலேயே 18 லட்சத்துக்குக் கேட்கிறார். 'அப்பா விமானத்திலேயே நான் பைலட் ஆகிறேன், ஓசூருக்கு விமான நிலையம் வந்தால் இதற்கு மதிப்பு ஏறும்' என்கிறான் 22 வயது மகன். மகள் அடுத்த வருடம் மேற்படிப்புக்குப் போகிறாள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் என் கண் நின்றது. 22 மாதமாகப் பறக்கவில்லை என்கிறீர்களே, அந்த வரி. மாதம் 27,000 வெளியே தெரியும் செலவு. அதைவிடப் பெரிய செலவு என்ஜினுக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

நம் பக்கத்தில் கிணற்று மோட்டார் ஒரு சீசன் ஓடாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். விமான என்ஜினும் அப்படித்தான். 1975-ஆம் வருடத்து செஸ்னா 172-இல் இருப்பது லைகமிங் நிறுவனத்தின் 150 குதிரைத்திறன் என்ஜின். இந்த வகையில் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு, என்ஜினின் மேல்பக்கம் இருக்கும். ஓடாமல் நின்றால் அதன் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலம் கீழே வடிந்துவிடும். காற்றின் ஈரம் பட்டுத் துரு ஏறும். பிறகு என்றைக்காவது ஓட்டும்போது அந்தத் துருவே உலோகத்தை அரிக்கத் தொடங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. அதனால்தான் 30 நாளைக்கு ஒரு முறையாவது குறைந்தது ஒரு மணி நேரம், எண்ணெய் நன்றாகச் சூடாகும்படி தொடர்ந்து பறக்க வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் அறிவுரை.

மாதம் ஒரு முறை யாராவது வந்து பத்து நிமிடம் தரையிலேயே ஸ்டார்ட் செய்துவிட்டுப் போகிறார்களா? அப்படியானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நல்லது என்று நினைத்துத்தான் செய்வார்கள். ஆனால் எரிபொருள் எரியும்போது உண்டாகும் ஈரம் ஆவியாகிப் போகும் அளவுக்குத் தரையில் எண்ணெய் சூடாகாது. அந்த ஈரம் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். ஓட்டப்போவதில்லை என்றால் துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக்குகள் மாட்டி, முறையாக மூடி வைக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். டெபாசிட் வட்டி மாதம் 52,500, வாடகை 38,000, மொத்தம் 90,500. அதில் 27,000 விமானத்துக்குப் போகிறது; உங்கள் வருமானத்தில் 100-க்கு 30 ரூபாய். கையில் நிற்பது 63,500.

டெபாசிட்டிலிருந்து 32 லட்சத்தை எடுத்து விமானத்தைச் சரிசெய்தால் என்ன ஆகும்? மீதி 58 லட்சத்துக்கு வட்டி மாதம் 33,833. வாடகையோடு சேர்த்து 71,833. விமானம் பறக்க ஆரம்பித்தால் 27,000-த்தோடு செலவு நிற்காது. வருடா வருடம் ஆய்வு முடித்து, ஏஆர்சி என்று சொல்லும் பறக்கும் தகுதி மறுஆய்வுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் சில்லறைப் பழுதுகளுக்கும் சேர்த்து வருடம் இரண்டரை லட்சம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஆக விமானத்துக்கு மாதம் 47,833. உங்கள் வீட்டுக்கு மிஞ்சுவது 24,000. ஒரு சொட்டு எரிபொருள் ஊற்றுவதற்கு முன்பே இதுதான் நிலைமை. மகளின் படிப்புச் செலவு இன்னும் கணக்கில் வரவில்லை.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். உங்கள் என்ஜினுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஓவர்ஹால், அதாவது முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, செய்ய வேண்டும் என்பது லைகமிங் வைத்திருக்கும் அளவு. 24 லட்சத்தை 2,000 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 1,200 ரூபாய்தான் வருகிறது. பழைய விமானத்தை விற்பவர்கள் சொல்லும் கணக்கு இது. ஆனால் உங்கள் மகன் வருடத்துக்கு 40 மணி நேரம் ஓட்டினால் 12 வருடத்தில் 480 மணி நேரம்தான் ஆகும். நாள்காட்டி முந்திக்கொள்ளும். அப்போது என்ஜின் செலவு மணிக்கு 5,000. அதோடு ஹேங்கர், காப்பீடு, ஆய்வுச் செலவு, 32 லட்சத்துக்கு வந்திருக்க வேண்டிய வட்டி இவற்றையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் பறக்க 24,950 ரூபாய். எரிபொருள் தனி, மணிக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

நிறையப் பறக்கிறவர்களுக்குப் பழைய விமானம் கட்டுப்படியாகும். கொஞ்சமாகப் பறக்கிறவர்களைத்தான் அது கரைக்கும். உங்கள் வீட்டில் இப்போது பறக்கிறவரே இல்லை.

சரிசெய்து 45 லட்சத்துக்கு விற்கலாமே என்ற யோசனைக்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. இன்று 18 லட்சம் பெறும் பொருளில் 32 லட்சம் போட்டால் மொத்த முதலீடு 50 லட்சம். கிடைப்பது 45. வேலை முடியும் வரை மாதம் 27,000 வேறு. அந்த 32 லட்சமும் பிரித்துப் பார்ப்பதற்கு முன் சொன்ன தொகைதான். 50 வயதான விமானத்தைப் பிரித்தால் புதிதாக ஏதாவது வரும். செஸ்னா நிறுவனமே தன் பழைய சிறு விமானங்களுக்கென்று துரு, உலோகச் சோர்வு ஆகியவற்றைத் தேடும் கூடுதல் ஆய்வுப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. இருக்கை நகரும் தண்டவாளம் தேய்ந்து, விமானம் எழும்பும் நேரத்தில் பைலட்டின் இருக்கை பின்னால் நழுவிய விபத்துகள் நடந்ததால், அதைப் பரிசோதிக்கச் சொல்லும் கட்டாய உத்தரவே இந்த விமானத்துக்கு உண்டு.

மகனைப் பற்றி. தம்பியின் ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சியை டிஜிசிஏ என்று சொல்லும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பள்ளியில்தான் எடுக்க வேண்டும். வீட்டு விமானத்தில் ஓட்டிப் பழகி உரிமம் வாங்குகிற வழி அது இல்லை. உண்மையாகவே பைலட் ஆக விரும்பினால் முதலில் மருத்துவத் தகுதிச் சோதனைக்குப் போகட்டும். அதில் தேறிய பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம். 'சும்மா ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிச் சம்பாதிக்கலாம்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தனியார் உபயோகத்துக்குப் பதிவான விமானத்தில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. அப்படிப் பறந்து ஏதாவது நடந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும்.

விமான நிலையப் பேச்சு ஓசூரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று அறிவித்தார். பெங்களூரு விமான நிலையத்தோடு இருக்கும் ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை புதிய விமான நிலையத்துக்குத் தடை இருப்பதும் தெரிந்ததே. எப்போது வந்தாலும் அது சுற்றியுள்ள நிலத்தின் விலையை ஏற்றும். உங்கள் செஸ்னாவின் விலையை ஏற்றாது. பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் எத்தனையோ வருடமாக இருக்கிறதே, அதனால் நம் ஊரில் பழைய விமானத்துக்கு விலை கூடிவிட்டதா?

என் அப்பா தருமபுரியில் லாரி வைத்திருந்தார். அவர் போன பிறகு மூன்று வருடம் அதை வீட்டு முன்னாலேயே நிறுத்தி வைத்திருந்தோம். விற்கலாம் என்று பேச்செடுத்தாலே அம்மா அழுவார். கடைசியில் இரும்பு விலைக்குத்தான் போனது. முதல் வருடமே விற்றிருந்தால் இன்னொருவர் அதை ஓட்டிப் பிழைத்திருப்பார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் தெளிவாகவே சொல்கிறேன்: விற்றுவிடுங்கள், இந்த வருடத்துக்குள்.

ஆனால் நாளைக்கே பெங்களூருக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள். உயில் இல்லை என்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், கணவரின் தாய் நால்வருக்கும் சமப் பங்கு. விமானத்தில் கால் பங்கு உங்கள் மாமியாருடையது. அவருக்கும் மகளுக்கும் தெரியாமல் விற்றால் பின்னால் சிக்கல் வரும். மனமும் நோகும். வட்டாட்சியரிடம் வாரிசு சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் டிஜிசிஏவில் பெயர் மாற்றம் நகராது.

காப்பீட்டு பாலிசி இன்னும் கணவர் பெயரில் இருந்தால் அவர் இறந்ததை எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் பிரீமியம் கட்டிக்கொண்டே போனால் இழப்பீடு கேட்கும் நாளில் தகராறு வரும். விமானம் பறக்கவில்லை என்பதால் தரையில் நிற்கும்போது மட்டும் பொருந்தும் காப்பீட்டுக்கு மாற்றித் தரக் கேளுங்கள். தீ, புயல், திருட்டுக்கு அது போதும், பிரீமியமும் குறையும்.

அடுத்து லாக்புக்குகள். விமானத்துக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று என்று இருக்கும். அவை ஹேங்கரில் கிடந்தால் இந்த வாரமே வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் பூட்டுங்கள். பழைய விமானத்துக்கு விலையே அந்தப் புத்தகங்களில்தான் இருக்கிறது. என்ன பழுது பார்த்தார்கள், எந்தப் பாகம் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு தொலைந்தால், நல்ல பாகத்தைக்கூட யாரும் நம்பி வாங்க மாட்டார்கள்.

18 லட்சம் நியாயமா? 32 லட்சம் சொன்ன என்ஜினியரையே இதற்கும் கேட்காதீர்கள். பழுது பார்த்தால் அவருக்கு வேலை கிடைக்கும். சம்பந்தமில்லாத இன்னொரு உரிமம் பெற்ற என்ஜினியருக்குக் கட்டணம் கொடுத்து, சிலிண்டர் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் கசியாமல் நிற்கிறதா என்று) பார்த்து, உள்ளே கேமரா விட்டுத் துருவைப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த அறிக்கையோடு இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். பேரம் பேச உங்களிடம் ஒரு பிடி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோகத்துக்கான விமானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். வெளிநாட்டிலிருந்து இறக்கினால் அந்தச் சுமை வாங்குகிறவர் தலையில். உங்களுடையது ஏற்கெனவே இந்தியாவில் பதிவான விமானம். 20, 21 என்று கேளுங்கள். மூன்று மாதத்தில் யாரும் ஏறி வரவில்லை என்றால் 18-க்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு லட்சத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தால் அந்த இரண்டு லட்சத்துக்கு மேல் ஹேங்கருக்கும் காப்பீட்டுக்குமே போய்விடும்.

பணம் முழுவதும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும். ஏஆர்சி காலாவதியான விமானத்தை அவர் நினைத்தபடி ஓட்டிக்கொண்டு போக முடியாது; சிறப்பு அனுமதி வாங்க வேண்டும், அல்லது இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பைக் விற்றுவிட்டு ஆர்சி மாற்றாமல் விட்டால் என்ன பாடு என்று தெரியுமல்லவா? இதுவும் அதே கதைதான். டிஜிசிஏ பதிவேட்டில் பெயர் மாறும் வரை பொறுப்பு உங்கள் குடும்பத்தின் மேல்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 90 லட்சமும் ஒரே கூட்டுறவு வங்கியில் இருப்பது எனக்கு விமானத்தைவிடக் கவலையாக இருக்கிறது. வங்கிக்கு ஏதாவது ஆனால் வைப்புக் காப்பீடு தருவது அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான். டெபாசிட்டுகள் முதிர முதிர, பெரும்பகுதியை இரண்டு மூன்று பொதுத்துறை வங்கிகளுக்கும் அஞ்சலகத்துக்கும் மாற்றுங்கள். மகளின் படிப்புக்கு வேண்டிய தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

விமானத்தின் லாக்புக்குகளை வாங்குகிறவரிடம் கொடுத்தாக வேண்டும். ஆனால் உங்கள் கணவர் தான் பறந்த நேரத்தை எழுதி வைத்த பைலட் லாக்புக் வேறு. அது அவருடைய சொந்தப் புத்தகம், விமானத்தோடு சேர்ந்தது இல்லை. ஹேங்கரிலிருந்து பெட்டியைக் கொண்டுவரும்போது அதைத் தனியாக எடுத்து மாமியாரிடம் காட்டுங்கள். பங்கு, கையெழுத்துப் பேச்செல்லாம் அதற்குப் பிறகு எடுக்கலாம்.